அம்முணி சொன்ன 'வருகிறேன்'

சுவரில் இருந்த பெட்டி "வருகிறேன்" என்று சொன்னதும் அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். உயிரியல் பூங்கா இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெட்டியைச் செய்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞன், தன் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கியது போலச் சிரித்தான். விலங்கு டாக்டர் பூங்கோதை மட்டும் கைதட்டவில்லை. சற்று முன்புதான் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தாள்.

மூன்று முறை கேட்க வேண்டும் என்பது சட்டம். நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் தாஹிரா கம்பிவலைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று முறையும் ஒரே குரலில் கேட்டார்: "அம்முணி. கழுத்து. ஆபரேஷன். வர்றியா?" அம்முணி மூன்று முறையும் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கேள்விக்கான நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது பூங்கோதைக்குப் பொறுமை போய்விட்டது. "இவ பேசமாட்டா. எனக்கு வேலை கிடக்கு, நான் போறேன்" என்றாள். மூலையில் நின்ற பராமரிப்பாளர் நாச்சிமுத்து எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கேள்வி நேரத்தில் பராமரிப்பாளர் பேசக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பெட்டி பேசியது.

அம்முணி ஒரு உராங்குட்டான். குட்டியாக இருந்தபோது கடத்தல்காரன் ஒருவனின் சூட்கேஸுக்குள் மயக்கத்தில் கிடந்தவளை விமான நிலையத்தில் பிடித்தார்கள். திருப்பி அனுப்பக் காடு இல்லை, ஏற்றுக்கொள்ள நாடு இல்லை. கோயமுத்தூருக்கு மேற்கே, மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்த இந்தப் பூங்காவுக்கு வந்தாள். பலகையில் 'ரூபி' என்று எழுதியிருக்கும். நாச்சிமுத்து முதல் நாளே அம்முணி என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

அவளுடைய தொண்டைக்குக் கீழே காற்றுப்பை ஒன்று உண்டு. அந்த இனத்துக்கே உரியது, குரல் எழுப்ப உதவுவது. அதில் சீழ் பிடித்திருந்தது. மருந்துப் புகை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், குறைந்தது, திரும்ப வந்தது. இப்போது கழுத்தில் பழுத்த பப்பாளி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டது போல வீங்கிக் கிடந்தது. படுத்தால் சீழ் நுரையீரலுக்குள் இறங்கும் என்பதை அவளே எப்படியோ கண்டுபிடித்திருந்தாள். சில வாரங்களாக உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள். பையைத் திறந்து வடித்துவிட்டால் பிழைப்பாள். அப்படியே விட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள்.

பழைய காலமாக இருந்தால் பூங்கோதை யாரையும் கேட்டிருக்கமாட்டாள். மயக்க ஊசி, கத்தி, தையல், முடிந்தது. ஆனால் பெட்டி வந்துவிட்டது. மண்டைத்தோலுக்கு அடியில் பொட்டளவு சில்லு. பக்கத்தில் திரும்பத் திரும்பப் பேசப்படும் சொற்களை அது எந்நேரமும் கேட்டுச் சேர்த்து வைக்கும். குரங்கு அந்தச் சொல்லை நினைக்கும்போது சுவரில் உள்ள பெட்டி அதைப் புத்தகத் தமிழில் உரக்கச் சொல்லும். பெரிய மொழியறிவு ஒன்றும் இல்லை. சில பத்துச் சொற்கள், அவ்வளவுதான். ஆனால் வடக்கே ஏதோ ஒரு பூங்காவில் ஒரு சிம்பன்சி, மேசையில் கட்டப்பட்ட நிலையில், பெட்டி வழியாக "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனது. அந்த ஒலிப்பதிவை நாடே கேட்டது. அதன் பிறகுதான் சட்டம். பேசத் தெரிந்த பெருங்குரங்கின் உடம்பில், அதன் சம்மதம் இல்லாமல் கத்தி படக்கூடாது.

பூங்கோதை அந்தச் சட்டத்தை வெறுத்தாள். சரியான சட்டம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் இன்னும் அதிகமாக வெறுத்தாள்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன்" என்றார் இயக்குநர். "வருகிறேன்னு எவ்வளவு தெளிவாச் சொல்லிடுச்சு பாத்தீங்களா."

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பூங்கோதை வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். அம்முணி கழுத்தைக் கொண்டுவந்து வலையில் ஒட்டினாள். அது பழக்கிய பழக்கம். வீக்கம் சூடாக இருந்தது. மூச்சில் அழுகல் வாடை.

"வலி" என்றது பெட்டி.

"தெரியும்டி" என்றாள் பூங்கோதை.

நாச்சிமுத்து தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவருகே நின்று, பார்க்காமலே, வாய் பழகிய விதத்தில் சொன்னார்: "வர்றனாக்கு, அம்முணி."

கதவு சாத்திக்கொண்டது. பூங்கோதையின் விரல் வீக்கத்தின் மேலேயே நின்றுவிட்டது.

*

தீனி அறையில் நாச்சிமுத்து பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தார். வேகமாக நறுக்குகிறவர். இன்று ஒரே பழத்தைச் சாம்பாருக்கு வெட்டுவது போலப் பொடிப்பொடியாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

"தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கெளம்பறப்ப அவகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள் பூங்கோதை.

"என்ன சொல்றது. சோறு தின்னாச்சா, தூங்குன்னு சொல்லுவனுங்க."

"நாச்சி."

கத்தி நின்றது. "வர்றேன்னு சொல்லுவனுங்க. போறேன்னு எப்படிச் சொல்றது? நீங்க ஒருத்தர்தான் பொட்டுன்னு போறேன் போறேன்னு சொல்றவங்க. ஒவ்வொரு வாட்டியும், 'போறேன்னு சொல்லாதீங்க டாக்டரே, வர்றேன்னு சொல்லுங்க'ன்னு நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன்."

"போறதைப் போறேன்னுதான் சொல்ல முடியும். அதை விடுங்க. அவளுக்கு 'வரேன்'னா என்ன அர்த்தம்?"

அவர் துண்டுகளை வாளியில் தள்ளினார்.

"ஆளு கெளம்பறாங்க, கதவு சாத்தறாங்க, தொல்லை விட்டுச்சு. அதானே அவ கேட்ட 'வரேன்'? இன்னிக்கு மூணு வாட்டி நச்சரிச்சதுக்கு, எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லியிருக்கா. நாம என்னடான்னா கைதட்டறோம்."

"நான் தட்டலீங்க."

பூங்கோதை அவரைப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமுங்க. நீங்களுந்தான் தட்டலை."

"எனக்கு இப்பதான் உறைச்சுது."

"உறைச்சா உறைச்சுட்டுப் போகட்டும்." நாச்சிமுத்து கத்தியைத் தண்ணீரில் அலசி வைத்தார். "ஏனுங் டாக்டரே, ஒண்ணு கேக்கறேன். என்ர பையன் சின்னதுல ஊசி போட வந்தா கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்குவான். காலைப் புடிச்சு இழுத்துட்டு வந்து போட்டோம். இன்னைக்கு ஆறடி இருக்கான். அவன் சம்மதத்தை எவன் கேட்டான்?"

"அவன் உங்க பையன்."

"இவ?"

ஈக்கள் பப்பாளித் தோலில் உட்கார்ந்து எழுந்தன.

"சும்மா இருந்துருங்க" என்றார் அவர். கெஞ்சவில்லை. கணக்கை நேர் செய்கிறவர் போலச் சொன்னார். "எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். பெட்டி ரேடியோ நியூஸ் வாசிக்கற மாதிரி 'வருகிறேன்'னு சொல்லிப்போட்டுது. நாம பேசற மாதிரி சொல்லியிருந்தா அந்த வக்கீலம்மாவுக்கே சந்தேகம் வந்திருக்கும். அவ நல்ல நேரம், பெட்டிக்குப் புத்தகத் தமிழ்தான் தெரியுது. பொழைச்சுக்கட்டும் விடுங்க. செத்ததுக்கு அப்புறம் உரிமையை வெச்சு என்ன பண்றது?"

பூங்கோதை தீனி அறையின் வாசலில் நின்று யோசித்தாள். அவர் சொன்னதில் அவளுக்கு எந்த மறுப்பும் இல்லை. அதுதான் சிக்கல். சும்மா இருப்பது மிகவும் சுலபம். நாளைக் காலை இந்நேரம் சீழ் வடிந்திருக்கும், அம்முணி படுத்துத் தூங்குவாள், எல்லோரும் கைகுலுக்குவார்கள்.

அதற்குப் பிறகு இன்னொரு நாள் யாராவது இன்னொரு கேள்வியோடு வருவார்கள். வெளிநாட்டுப் பூங்கா ஒன்று இனப்பெருக்கத்துக்காக அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கூண்டில் போட்டு விமானம் ஏற்ற வேண்டும். "அம்முணி, வர்றியா?" அவள் சலித்துப்போய் "வருகிறேன்" என்பாள். சம்மதம். மருந்து நிறுவனம் ஒன்று புது ஊசியோடு வரும். "வர்றியா?" "வருகிறேன்." சம்மதம். போங்கடா என்று அவள் சொல்லச் சொல்ல, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகும்.

"நாளைக்கு அவளை ஃப்ளைட்ல ஏத்தறதுக்கும் இதே வார்த்தையைத்தான் கேப்பாங்க, நாச்சி. அன்னிக்கு நீங்க வந்து, இல்லீங்க, அதுக்கு வேற அர்த்தம்னு சொல்வீங்களா? முன்னாடி ஏன் சொல்லலைன்னு கேட்டா?"

நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூங்கோதை நடந்தாள். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"உங்களை மாதிரி ஆளு டாக்டருக்குப் படிச்சிருக்கவே கூடாதுங்க."

"எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுது" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

*

தாஹிரா இயக்குநர் அறையில் தனியாகத் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூங்கோதை சொல்லி முடிக்கும் வரை ஒரு வாய்கூட வைக்கவில்லை. பிறகு டிபன் பாக்ஸை மூடினார்.

"இதை நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"இப்ப நான் நிறுத்தியாகணும். தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"செத்துருவாளா?"

"செத்துருவா."

தாஹிரா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கட்டையான உருவம், எடுப்பான குரல். நீதிமன்றத்தில் எதிராளியைக் கிழித்துத் தொங்கவிடுபவர் என்று பெயர். இப்போது குரல் இறங்கியிருந்தது. "அந்தச் சிம்பன்சி வழக்கை நடத்தினது நான்தான் டாக்டர். ஜெயிச்சேன். ஜெயிச்ச நாளிலேருந்து எந்தப் பூங்காவுலேர்ந்து போன் வந்தாலும் எடுக்கப் பயமா இருக்கு. இன்னிக்குக் காலையில அவ சரின்னு சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சட்டம் போட்டவ நான். அது முதல் தடவையா ஒரு உயிரைக் காப்பாத்துதேன்னு நெனச்சேன்." நின்றார். "நானே கோயமுத்தூர்க்காரி. எனக்கு உறைச்சிருக்கணும். எங்க வீட்டுலயும் வாசல் தாண்டறப்ப 'வரேன்'தான்."

"பெட்டி உங்களை ஏமாத்திருச்சு. என்னையுந்தான்."

"இனி என்ன கேட்டாலும் 'வர்றியா'ங்கற வார்த்தை வரக்கூடாது. 'ஆம்'னு சொல்லச் சொல்லிப் பாக்கலாமா?"

"இங்க எவன் ஆம்னு பேசறான்? அவ காதுல ஒரு தடவைகூட அது விழுந்திருக்காது. தலையாட்டிட்டுப் போயிடறோம்."

தாஹிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பிறகு திடீரென்று வக்கீல் ஆனார். "ஒரு நிமிஷம். 'வரேன்'னா அவளுக்கு, 'எல்லாரும் போங்க'ன்னு அர்த்தம்னு சொல்றீங்க. அது உங்க ஊகம். சாட்சி இருக்கா? நாச்சிமுத்து வீட்டுக்குக் கெளம்பறப்ப பெட்டி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லாது. சில்லு எப்பவும் கேட்டுட்டிருக்கும். ஆனா பெட்டியைச் சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிஞ்சதும் அணைச்சுருவாங்க. கரண்ட் மிச்சமாம்."

"இன்னிக்கு அணைக்க வேண்டாம்" என்றார் தாஹிரா.

*

மாலை. கடைசிப் பள்ளிக்கூட பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. இரவுப் பராமரிப்பாளர் தெய்வானை துடைப்பத்தோடு வந்துவிட்டாள். பூங்கோதையும் தாஹிராவும் அம்முணியின் கண்ணில் படாத மாதிரி தூணுக்குப் பின்னால் நின்றார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் போல இருக்கிறோம் என்று பூங்கோதைக்குத் தோன்றியது.

நாச்சிமுத்துவுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். மதியத்திலிருந்து அவர் பூங்கோதையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார். வலையருகே வந்தார்.

"வர்றனாக்கு, அம்முணி."

பெட்டி செய்தி வாசிக்கும் குரலில் சொன்னது:

"சரி, வாருங்கள்."

தெய்வானை துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "அய்யோ, அது நான் சொல்றதுங்க" என்றாள். "அண்ணன் வர்றேன்னு சொல்லும், நான் செரி வாங்கன்னு சொல்லுவேன். தெனமும் அதான். என்னையப் பாத்து இவ..."

நாச்சிமுத்து தூக்கோடு அப்படியே நின்றார்.

தாஹிரா பூங்கோதையின் கையைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். "கேட்டீங்களா? போங்கன்னு சொல்றதுக்கு அவகிட்ட வேற வார்த்தை இருக்கு. அனுப்பி வைக்கறவ சொல்றது 'வாங்க'. கெளம்பறவ சொல்றது 'வரேன்'. ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்கா. அப்ப காலையில அவ சொன்ன 'வரேன்'..."

"கெளம்பறது அவ" என்றாள் பூங்கோதை.

"எங்க?"

ஆபரேஷன் அறைக்கா? இல்லை, உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி அலுத்துப்போய், வேறு எங்காவதா? பூங்கோதை இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தாஹிராவின் முகத்திலும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

"சாகறவன் வர்றேன்னு சொல்லமாட்டானுங்க" என்றார் நாச்சிமுத்து. பூங்கோதையைப் பார்த்து, மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "அது திரும்பி வர்றவன் சொல்றது."

"இது உங்க ஆசை, நாச்சிமுத்து. சாட்சி இல்லை" என்றார் தாஹிரா. ஆனால் குரலில் கடுமை இல்லை. "எனக்கு ஊகம் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். நாளைக்கு யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது. அந்த நீலக் கதவைத் திறந்து வைங்க. அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும். பல்லு புடுங்கினது அங்கதான். மாஸ்க் எல்லாம் பழக்கியிருக்கோம்."

"பழம் வெச்சு இழுக்கக் கூடாது. தேன் தடவக் கூடாது. போனா போறா. உக்காந்துட்டா, அதுவும் பதில்தான். கதவைச் சாத்திட்டு நாம எல்லாரும் வீட்டுக்குப் போறோம். ஒத்துக்கறீங்களா டாக்டர்?"

பூங்கோதைக்கு ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. ஒத்துக்கொண்டாள்.

*

காலையில் நீலக் கதவு திறந்தது. உள்ளே எஃகு மேசை, விளக்கு, மயக்க மருந்து இயந்திரம். எதையும் மூடி மறைக்கவில்லை. தாஹிரா சுவரோரம் நின்றார். நாச்சிமுத்து வலைக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. கை முன்னால் இருந்தால் தன்னையறியாமல் கூப்பிட்டுவிடுவாராம்.

அம்முணி கதவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். வைக்கோலைக் கிளறினாள். ஒரு குச்சியை எடுத்துப் பல்லில் குத்திவிட்டு எறிந்தாள். மூச்சு ஒவ்வொன்றும் நீருக்குள்ளிருந்து வருவது போலக் கொரகொரத்தது. தலையில் சாக்குத்துணியைப் போட்டுக்கொண்டாள், மழை வந்தால் செய்வது போல. அப்படியே இருந்தாள்.

முடிந்தது என்று பூங்கோதை நினைத்தாள். நேற்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இப்போது இவள் மேசைமேல் இருந்திருப்பாள். நாச்சிமுத்து தன்னைப் பார்த்துவிடக்கூடாது என்று தரையைப் பார்த்தாள்.

சாக்கு விழுந்தது. அம்முணி எழுந்தாள். நீலக் கதவுப் பக்கம் போகவில்லை. வலைக்கு வந்தாள், நாச்சிமுத்துவின் நேர் எதிரில். நீண்ட விரல் ஒன்றை வலைக்கண்ணி வழியாக வெளியே விட்டு அவருடைய சட்டைப் பொத்தானைத் தொட்டாள்.

"வருகிறேன்" என்றது பெட்டி.

நாச்சிமுத்து தாஹிராவைப் பார்த்தார். பேசலாமா என்ற கேள்வி. தாஹிரா தலையாட்டினார்.

"செரி கண்ணு" என்றார். "வா."

அவள் விரலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கைகளை ஊன்றி, அவசரமில்லாமல், நீலக் கதவு வழியாக நடந்து போய் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். பூங்கோதையின் கையிலிருந்த மாஸ்க்கைத் தானே இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் அழகு ஒன்றும் இல்லை. மயங்கியவளைப் படுக்கவிடாமல், சாய்வு நாற்காலியில் உட்காருகிறவளைப் போலவே இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். பூங்கோதை பையைக் கீறினாள். சீழ் வாளியில் கொட்டியது. நாற்றத்தில் உதவியாளர் ஒருவர் வெளியே ஓடினார். பாதியில் மூச்சு நின்றது. ஆக்ஸிஜன் அளவு சரிந்து இயந்திரம் கத்தியது. பூங்கோதை தொண்டைக்குள் விட்டிருந்த சுவாசக் குழாயை உருவி, உறிஞ்சிக் கழுவி மறுபடி செருகினாள். கெட்ட வார்த்தை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே செருகினாள். மூச்சு வந்தது. பை வடிந்துகொண்டே இருக்கும்படி திறந்த வாயாக வைத்துத் தைத்தாள். கடைசியாக, காயமே இல்லாத இடங்களில், முன்கையில் இரண்டு, தொடையில் ஒன்று, வண்ண நூலால் பொய்த் தையல்கள் கட்டினாள். விழித்ததும் அவள் விரல்கள் சும்மா இருக்காது. அந்த நூல்களைப் பிய்த்து விளையாடட்டும், கழுத்தை விட்டுவிடுவாள்.

மயக்கம் தெளிய நேரமாயிற்று. ஆக வேண்டியதைவிட அதிக நேரம். வைக்கோல் மெத்தையில் சாய்ந்து கிடந்தவளின் கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல் மூடியது. மூச்சு நின்ற அந்தச் சில நொடிகளில் மூளை கெட்டிருக்குமா? பூங்கோதை யாரிடமும் சொல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தாஹிரா போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்து மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கதவைத் திறந்து, "வந்துட்டனாக்கு அம்முணி" என்று சொல்லித்தான் அவர் வேலையைத் தொடங்குவார். இன்று காலை அவளிடம் பேசக்கூடாது என்பதால் அதைச் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்தபோது அம்முணி கண்ணைத் திறந்தாள். இந்த முறை பார்த்தாள். முன்கையில் இருந்த சிவப்பு நூலைப் பார்த்தாள். நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"வந்துவிட்டேன்" என்றது பெட்டி.

யாரும் கைதட்டவில்லை. நாச்சிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். தாஹிரா எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, "சாட்சி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். பிறகு தயிர்ச்சோறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

*

ஒரு வாரம் கழித்து அம்முணி படுத்துத் தூங்கினாள். பொய்த் தையல்களில் தொடையில் இருந்தது மட்டும் மிச்சம். கழுத்துக் காயத்தை அவள் தொடவேயில்லை. பெட்டி இப்போதெல்லாம் அணைக்கப்படுவதில்லை. கரண்ட் செலவை யாரும் பேசவில்லை.

அன்று நாச்சிமுத்து லீவு. பையனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். பூங்கோதை காயத்தைக் கழுவி மருந்து வைத்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். திரும்பிப் பார்க்காமல், எப்போதும் போலச் சொன்னாள்:

"முடிஞ்சுது. நான் போறேன்."

"வருகிறேன்" என்றது பெட்டி.

பூங்கோதை சட்டென்று திரும்பினாள். எங்கே கிளம்புகிறாள் இவள்? மறுபடி மூச்சுத் திணறலா? ஓடி வந்து வலையருகே குனிந்தாள். கழுத்து சுத்தமாக இருந்தது. மூச்சு சீராக இருந்தது. அம்முணி வாழைப்பழம் ஒன்றை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தாள். எங்கும் கிளம்புகிறவளாகத் தெரியவில்லை.

"என்னடி? எங்க போறே?"

அம்முணி பழத்தைக் கடித்தாள். பூங்கோதை நிமிர்ந்தாள். அப்போது ஏதோ தோன்ற, மெதுவாக, சோதிப்பது போல, மறுபடியும் சொன்னாள்:

"நான் போறேன்."

அம்முணி மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பாடம் ஏறாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"வருகிறேன்" என்றது பெட்டி, முன்பைவிடச் சற்றுச் சீக்கிரமாக.

நாச்சிமுத்து இங்கே இருந்திருந்தால் இந்நேரம் அவர் சொல்லியிருப்பார். 'போறேன்னு சொல்லாதீங்க டாக்டரே, வர்றேன்னு சொல்லுங்க.' இத்தனை காலமாக, ஒவ்வொரு முறையும், இந்த வலைக்கு முன்னால்.

தான் 'போறேன்' என்றதும் அவர் வாயைத் திறந்து மூடிக்கொண்ட அந்தக் காலை பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவது கேள்வி. கைதட்டல். அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அத்தனை பேருக்கு நடுவில், சட்டத்தின் மூன்றாவது கேள்விக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்க, இவள் பூங்கோதையின் 'போறேன்' என்ற சொல்லைத் திருத்தியிருக்கிறாள்.

இதைத் தாஹிராவிடம் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். அவர் தலையில் அடித்துக்கொள்வார். நாளைக்குச் சொல்லலாம்.

பூங்கோதை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவருகே நின்றாள். நாக்கு புரள மறுத்தது. வாழ்நாளில் அந்த அர்த்தத்தில் அதைச் சொன்னதில்லை.

"சரிடி" என்றாள். "வரேன்."

"சரி, வாருங்கள்" என்றது பெட்டி.